கடைசி உயிரெழுத்து

என் தங்கையின் இத்தாலிய மொழி நோட்டில் நான் திருத்திய பிழைகள் 40-க்கு மேல் இருக்கும். எல்லாம் ஒரே மாதிரியானவை. 'களைப்பாக இருக்கிறேன்' என்பதற்கு 'ஸோனோ ஸ்தான்கா' என்று அவள் எழுதியிருப்பாள். நான் சிவப்புப் பேனாவால் அதை 'ஸ்தான்கோ' ஆக்கியிருப்பேன். ரோமன் எழுத்தில் இந்தத் திருத்தம் ரொம்பச் சுலபம். 'ஆ' ஒலிக்கான எழுத்து ஒரு வட்டமும் அதன் வலப்பக்கம் ஒட்டிய சின்ன வாலும்தான். வாலை அடித்துவிட்டால் மிஞ்சுவது 'ஓ'. சில இடங்களில் ஓரத்தில் 'கவனம்!' என்று வேறு எழுதிவைத்திருக்கிறேன். அக்கா என்றால் சும்மாவா.

அந்த 40-ல் ஒன்றுகூடப் பிழை இல்லை என்று எனக்குத் தெரிய ஒன்றரை வருடம் ஆனது.

2020 மார்ச்சில், ஊரடங்கு அறிவிப்பதற்கு இரண்டு நாள் முன்னால், ஒரு லேப்டாப்பும் நாலு சுடிதாருமாகச் சென்னையிலிருந்து திண்டுக்கல் வந்து சேர்ந்தேன். நாகல் நகர் வீட்டின் முன்னறைதான் அலுவலகம். தங்கை அப்போது இன்ஜினியரிங் கடைசி வருடத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். அடுத்து இத்தாலியில் எம்.எஸ். படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு யோசனை. ஆங்கிலத்திலேயே படிக்கலாம், வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அங்குள்ள பிராந்திய அரசுகள் உதவித்தொகை தருகின்றன என்று எங்கோ கேட்டுவிட்டு வந்திருந்தாள். சரி, மொழியையும் கொஞ்சம் படித்துவைப்போம் என்று ஆரம்பித்தோம். கைபேசியில் ஒரு செயலி, கையில் ஒரு நோட்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், மொட்டை மாடியில் வெக்கை அடங்கியதும், மலைக்கோட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்வோம். நான் முந்திய நாளே நாலு பாடம் படித்துவைத்துக்கொண்டு டீச்சர் ஆகிவிடுவேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அப்போது வீட்டில் அவளுக்குப் பெயர் வேறு. நான் அவளைத் தம்பி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இந்தக் கட்டுரையை அவளிடம் வாசித்துக் காட்டியபோது, "பழைய பேரு மட்டும் வேணாங்க்கா, மத்ததெல்லாம் எழுது" என்றாள்.

இத்தாலியப் பெயரடையின் கதை மேலோட்டமாகப் பார்த்தால் எளியதுதான். பெயர்ச்சொல் ஆணா பெண்ணா, ஒன்றா பலவா என்று பார்த்துப் பெயரடை தன் கடைசி உயிரை மாற்றிக்கொள்ளும். சிவப்புப் புத்தகம் 'லீப்ரோ ரோஸ்ஸோ'. சிவப்புக் கார் 'மாக்கினா ரோஸ்ஸா'. புத்தகங்கள் பலவானால் 'லீப்ரி ரோஸ்ஸி', கார்கள் பலவானால் 'மாக்கினே ரோஸ்ஸே'. ஓ, ஆ, இ, ஏ. நாலே நாலு ஈறு. வாய்விட்டுச் சொன்னால் தாளம் போடலாம் போலிருக்கும்.

தாளம் எப்போதும் ஒத்துவராது. 'மானோ' என்றால் கை. ஓ-வில் முடிகிறது, ஆனால் பெண்பால். லத்தீனில் இருந்த பால் அப்படியே தங்கிவிட்டது. ஆகவே வெள்ளைக் கை 'மானோ பியான்கா'. 'ப்ரோப்லேமா' ஆ-வில் முடிந்தாலும் ஆண்பால். பெயரடை பெயரின் ஓசையைப் பார்த்துத் தன் ஈற்றை முடிவு செய்வதில்லை. அது பாலைத்தான் பார்க்கும். நோட்டில் இந்த 'மானோ பியான்கா'வைச் சுற்றி அவள் இரண்டு முறை கட்டம் போட்டிருக்கிறாள். நல்ல உதாரணம் என்று போட்டிருக்கிறாள்போல என அப்போது நினைத்தேன்.

இந்த 'பியான்கோ'விலேயே இன்னொரு நுணுக்கம் உண்டு. பன்மையில் இ வந்து ஒட்டும்போது 'க' ஒலி 'ச'வாக மாறிவிடும் என்பதால், அதைக் காப்பாற்ற எழுத்தில் நடுவே ஓர் 'எச்' நுழைத்து 'பியான்கி' என்று எழுதுவார்கள். இந்த எச்சைத் திண்டுக்கல்காரர்கள் நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள், தெரியாமலே. சேசு சபையாரின் பெஸ்கி கல்லூரி எங்கள் ஊரில் இருக்கிறது. ஆங்கிலப் பலகையில் அந்தப் பெயரில் ஓர் எச் உட்கார்ந்திருக்கும். பள்ளி நாட்களில் அதை 'பெஸ்சி' என்று படித்தவள் நான். பெஸ்கி வேறு யாருமில்லை, வீரமாமுனிவர்.

அவரிடம் பிறகு வருகிறேன். முதலில் நம் பெயரடை.

நல்ல பையன், நல்ல பொண்ணு, நல்ல மாடு, நல்ல பிள்ளைகள். 'நல்ல' நகரவே இல்லை. ஆணோ பெண்ணோ, ஒன்றோ நூறோ, அதற்குக் கவலை கிடையாது. இத்தாலியனுக்கு நாலு சாவி என்றால் நமக்கு ஒரே சாவி எல்லாப் பூட்டையும் திறக்கிறது. பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரி என்பதால் இந்த உதாரணத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மேலும் 'நான் களைப்பா இருக்கேன்', 'நான் திண்டுக்கல்ல பொறந்தேன்' என்று எத்தனை மணி நேரம் பேசினாலும், பேசுவது ஆணா பெண்ணா என்று தமிழ் கேட்காது. தன்மை வினைக்குப் பால் இல்லை.

ஆனால் அந்த இடத்திலிருந்து பெயர்ச்சொல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள். 'நல்ல' தனியே நிற்காது. நல்லவன், நல்லவள், நல்லவர், நல்லது என்று உடனே வால் முளைத்தாக வேண்டும். பழந்தமிழில் நல்லன், நல்லள், நல்லர், நல்லது, நல்லன என்று அதுவே பயனிலையாகவும் நின்றிருக்கிறது, குறிப்பு வினைமுற்று என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அதுதான். படர்க்கை வினையில் கேட்கவே வேண்டாம். வந்தான், வந்தாள். வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை முறை 'வந்தான்', 'போனான்', 'தூங்குறான்' என்று ஒருவரைப் பற்றிச் சொல்கிறோம் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அவள் எண்ணியிருக்கிறாள்.

இத்தாலியன் நேர் எதிர். அங்கே வினைமுற்று 'வந்தான்', 'வந்தாள்' என்று நிகழ்காலத்தில் பிரியாது. ஆனால் தன்னைப் பற்றித் தானே பேசும்போது, 'நான் தயார்', 'நான் தனியா இருக்கேன்', 'நான் களைச்சுட்டேன்' என்று எதைச் சொன்னாலும், பெயரடையின் ஈற்றில் தன் பாலைச் சொல்லியாக வேண்டும். ப்ரோன்தோவா, ப்ரோன்தாவா? ஒவ்வொரு வாக்கியத்திலும் அந்தக் கேள்வி கதவருகே நிற்கும். தமிழில் தன்னைப் பற்றிப் பேசும்போது மறைந்துகொள்ளலாம், பிறர் பேசும்போது மாட்டிக்கொள்வோம். இத்தாலியனில் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். எது கஷ்டம் என்று நான் சொல்ல முடியாது. எனக்கு இரண்டுமே கஷ்டமாக இருந்ததில்லை, அதனால்தான் இத்தனை நாள் கவனிக்கவும் இல்லை.

அங்கேயும் ஒளிந்துகொள்ள ஒரு மூலை உண்டு. ஏ-யில் முடியும் பெயரடைகள் பாலைக் காட்டுவதில்லை. 'ஃபெலீச்சே' என்றால் மகிழ்ச்சியான, 'த்ரிஸ்தே' என்றால் சோகமான, 'ஃபோர்தே' என்றால் வலிமையான. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வடிவம், பன்மைக்கு மட்டும் இ. அந்த நோட்டைப் பிறகு ஒரு நாள் நிதானமாகப் புரட்டியபோதுதான் பார்த்தேன். முதல் பன்னிரண்டு பக்கங்களில் தன்னைப் பற்றி அவள் எழுதிய வாக்கியம் அத்தனையும் ஏ-யில் முடிகிற பெயரடைகள். மகிழ்ச்சியாக இருக்கிறேன். சோகமாக இருக்கிறேன். வலிமையாக இருக்கிறேன். இளமையாக இருக்கிறேன். "உனக்கு வேற வார்த்தையே தெரியாதாடா?" என்று நான் கேட்டது ஞாபகம் இருக்கிறது. பதின்மூன்றாம் பக்கத்தில்தான் முதல் 'ஸ்தான்கா' வருகிறது, பென்சிலில், மெலிதாக. நான் உடனே வாலை அடித்திருக்கிறேன்.

இதில் வேடிக்கை, செயலி அவள் எழுதியதைத் தப்பு என்று ஒரு முறைகூடச் சொன்னதில்லை. 'நான் களைப்பாக இருக்கிறேன்' என்ற வாக்கியத்துக்கு அது இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். எதிரில் உட்கார்ந்திருப்பது யார் என்று அதற்குத் தெரியாது. எனக்குத் தெரியும் என்பதுதான் பிரச்சினை.

பெயரடையின் இடம் பற்றியும் சொல்ல வேண்டும், அதுவும் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. இத்தாலியனில் பெயரடை பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் வரும். நிறம், வடிவம், நாடு எல்லாம் பின்னால்தான். ஆனால் சில பெயரடைகள் முன்னாலும் வரும், வந்தால் பொருள் மாறும். 'அமீக்கோ வெக்கியோ' வயசான நண்பர், 'வெக்கியோ அமீக்கோ' நெடுநாள் நண்பர். 'உவோமோ க்ராந்தே' ஆள் பெரிய உருவம், 'க்ராந்தே உவோமோ' பெரிய மனிதர், பெருந்தலைவர் என்கிற மாதிரி. பின்னால் வருவது அளந்து பார்த்துச் சொல்கிற சொல், முன்னால் வருவது மனசிலிருந்து வருகிற சொல் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். 'ஃபமீலியா பொவெரா' என்றால் ஏழைக் குடும்பம். 'பொவெரா ஃபமீலியா' என்றால் பாவப்பட்ட குடும்பம். அதில் வீட்டில் எவ்வளவு பணம் இருக்கிறது என்ற தகவல் கிடையாது.

தமிழில் பெயரடைக்கு இடம் மாற வழியில்லை. எப்போதும் முன்னால்தான். அதனால் நாம் ஒட்டவைத்து அந்த வேலையைச் செய்கிறோம். பெரிய அப்பா என்றால் உருவம், பெரியப்பா என்றால் உறவு. ஒல்லிக்குச்சியாக ஒரு பெரியப்பா எனக்கு உண்டு. நல்ல பாம்பில் நல்லது ஒன்றுமில்லை. சின்ன வீட்டின் சதுர அடி பற்றி யாரும் பேசுவதில்லை. பெரிய காரியம் என்றால் சாவு. இந்த மாதிரிச் சொற்களில் 'பெரிய'வும் 'நல்ல'வும் எதையும் வர்ணிக்கவில்லை, பெயருக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டன. திருநங்கை என்ற சொல்லும் இப்படித்தான் ஒட்டி நிற்கிறது. தமிழ்நாட்டில் 2008-ல் நலவாரியம் அமைந்தது, 2014-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. இதெல்லாம் எனக்குச் செய்தியாகத் தெரியும். செய்தியைத் தெரிந்துவைத்திருப்பது வேறு என்று பின்னால் புரிந்தது.

இப்போது வீரமாமுனிவர். காஸ்திலியோனே என்ற சிற்றூரில் 1680-ல் பிறந்த கோஸ்தான்சோ ஜியுசெப்பே பெஸ்கி, 1710-ல் இந்தியா வந்து மதுரை மிஷனில் சேர்ந்தார். தேம்பாவணி, சதுரகராதி, தொன்னூல் விளக்கம் எல்லாம் பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடும். என்னைக் கவர்ந்தது வேறு. செந்தமிழுக்கு இலக்கணம் எழுதியவர், ஜனங்கள் பேசுகிற தமிழுக்கும் தனியாக லத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். 1728-ல் எழுதியது, 1738-ல் தரங்கம்பாடியில் அச்சானது. பேச்சுமொழிக்கும் விதிகள் உண்டு, அதைப் படிக்காமல் இங்கே வாழ முடியாது என்று புரிந்துகொண்ட மனிதர்.

'கோஸ்தான்சோ' என்ற பெயருக்கு உறுதியானவன் என்று பொருள். பிறப்பதற்கு முன்பே பெயரடையாக இருந்த பெயர். இங்கே முதலில் தைரியநாதர் ஆனார், பிறகு வீரமாமுனிவர். வீர, மா, முனிவர். இரண்டு அடைகள், ஒரு பெயர். 'வீர'வும் 'மா'வும் அவர் ஆண் என்பதற்காக எந்த ஈறும் எடுத்துக்கொள்ளவில்லை. இத்தாலியனிலும் லத்தீனிலும் ஊறிய நாக்குக்கு, 'நல்ல' என்று சொல்லிவிட்டு ஈறு சேர்க்காமல் நிறுத்துவது ஆரம்பத்தில் எப்படி இருந்திருக்கும்? படிக்கட்டில் ஒரு படி இருப்பதாக நினைத்துக் காலை வைப்போமே, அந்த மாதிரி ஒரு தடுமாற்றம் இருந்திருக்கும் என்று கற்பனை செய்துகொள்கிறேன். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டுக்கு எழுத்தில் அவர் செய்த சீர்திருத்தம் நமக்குத் தெரியும். அதுவரை குறிலுக்கு மேலே ஒரு புள்ளி. ஓலையில் அந்தப் புள்ளி விட்டுப்போனால் குறில் நெடிலாகிவிடும். புள்ளியை நம்பாமல் எழுத்தின் உருவத்திலேயே ஒரு சுழியைச் சேர்த்தார். ஒரு சின்னச் சுழி, ஒரு சின்ன வால். மொழியில் இவையெல்லாம் அற்பமான காரியங்கள் இல்லை.

தங்கை 2021 செப்டம்பரில் தோரினோ போனாள். நான் அலுவலகத்தில் ஒரு புதுத் திட்டத்தில் மாட்டினேன். எங்கள் மென்பொருளை ஐந்து மொழிகளுக்குக் கொண்டுபோக வேண்டும். உள்ளே நுழைந்ததும் 'வெல்கம்' என்று பெயரோடு வருமே, அந்த ஒரு வரிதான் என் மண்டையைக் காயவைத்தது. இத்தாலியனில் 'பென்வெனூத்தோ' என்று போட்டிருந்தோம். அது பெயரடை. எதிரில் இருப்பவர் பெண் என்றால் 'பென்வெனூத்தா' என்றாக வேண்டும். பயனரின் பால் எங்கள் தரவுத்தளத்தில் இல்லை. 'பால் என்று ஒரு கட்டாயப் புலம் சேர்த்துவிடலாம், ஆண், பெண், இரண்டு தேர்வு' என்று நானே டிக்கெட் எழுதினேன். இத்தாலியத் தரப்பிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர் பதில் போட்டார். யாரையும் கேட்க வேண்டாம், வாக்கியத்தை மாற்றுங்கள், 'தீ தியாமோ இல் பென்வெனூத்தோ' என்று. 'உனக்கு நல்வரவு அளிக்கிறோம்'. இங்கே அந்தச் சொல் பெயர்ச்சொல்லாகிவிடுகிறது, யார் வந்தாலும் மாறாது. மனிதரிடம் போய் 'நீ யார்' என்று கேட்காமல், வரவேற்கிற பக்கம் தன் வாக்கியத்தைத் திருத்திக்கொள்கிறது. நல்ல தீர்வு என்று டிக்கெட்டை மூடினேன். அவ்வளவுதான். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அந்த நவம்பரில் அவளுடைய மொழி வகுப்பில் சுய அறிமுகம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எழுதியதைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். முதல் வரி: 'ஸோனோ நாத்தா அ திண்டுக்கல்'. திண்டுக்கல்லில் பிறந்தேன். டீச்சர் பச்சை மையில் டிக் போட்டிருந்தார்.

இதற்கும் ஒரு விதி. இத்தாலியனில் இறந்தகாலம் சொல்ல இரண்டு துணைவினைகள். 'உண்டு' என்பது போன்ற ஒன்று, 'இரு' என்பது போன்ற ஒன்று. சாப்பிட்டேன், படித்தேன், பார்த்தேன் எல்லாம் முதல் வகை, ஈறு மாறாது. போனேன், வந்தேன், தங்கினேன், பிறந்தேன், இறந்தான் போன்றவை இரண்டாம் வகை. இவற்றில் வினையெச்சம் பெயரடையைப் போலவே நடந்துகொண்டு எழுவாயின் பாலை எடுத்துக்கொள்ளும். பிறந்தவன் 'நாத்தோ', பிறந்தவள் 'நாத்தா'.

நான் வழக்கம்போல ஒரே சொல்லில் பதில் அனுப்பினேன். 'நாத்தோ*'. நட்சத்திரக் குறியோடு.

நீல டிக் வந்தது. அதற்குப் பிறகு அரை மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு குரல் செய்தி. "அக்கா, நோட்டுல நீ அடிச்ச ஆ எதுவுமே தப்பில்லக்கா. டீச்சர் திருத்தல பாத்தியா. நீயும் திருத்தாத." அவ்வளவுதான் செய்தி. பின்னணியில் டிராம் போகிற சத்தம் கேட்டது.

அன்று ராத்திரி நான் நடந்துகொண்டது பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதலில், 'பிறந்தேன்' என்பதிலுமா என்று நினைத்தேன். இப்போது எப்படியோ இருக்கட்டும், பிறந்தது பிறந்ததுதானே? அவள் பிறந்தபோது எனக்கு ஒன்பது வயது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று "தம்பி பொறந்திருக்கான்" என்று எல்லோரிடமும் சொன்னவளே நான்தான். பின்னர்தான் புரிந்தது, அந்த ஆ நேற்று முளைத்ததில்லை என்பதுதான் அவள் சொல்ல வந்த விஷயமே. 'ஆகிவிட்டேன்' என்று எழுதவில்லை அவள், 'பிறந்தேன்' என்றுதான் எழுதியிருக்கிறாள். தமிழில் எழுதியிருந்தால் எனக்கு அது தெரிந்திருக்காது. 'திண்டுக்கல்லில் பிறந்தேன்' என்று படித்துவிட்டு ஒரு தம்ஸ் அப் போட்டிருப்பேன்.

விடிகாலை மூன்று மணிக்கு 'நாத்தா' என்று மட்டும் அனுப்பினேன். நட்சத்திரம் இல்லாமல்.

இலக்கணத்தோடு ஆரம்பித்ததால் இலக்கணத்திலேயே தேடினேன், என் புத்தி அப்படி. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே இந்தக் கேள்வி வருகிறது. ஆண்மை திரிந்தவர்களுக்கென்று தனி ஈறு மொழியில் இல்லை, உயர்திணையில் ஆண்பால் பெண்பால் ஈறுகளைக் கொண்டே வழங்குவர் என்கிறது. நன்னூல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புகிறவர் பெண்பால், பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புகிறவர் ஆண்பால். பவணந்தி முனிவர் உடம்பைக் கேட்கவில்லை, விருப்பத்தைக் கேட்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டு நூல் இது. புளகாங்கிதத்தோடு போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன்.

"அடுத்த வரியையும் படிச்சியாக்கா?" என்று கேட்டாள். படித்திருந்தேன். இருவரும் அஃறிணை போலவும் வழங்கப்படுவர் என்கிறது அடுத்த வரி. அதைத் தவிர்த்துப் போட்டோ எடுத்திருந்தேன்.

"பஸ் ஸ்டாண்டுல 'ஏய் அது போகுது பாரு'ன்னு சொல்வானுங்கள்ல, அது அந்த வரிதான்" என்றாள்.

ஆனால் அதே அஃறிணை ஈற்றைத்தான் அம்மாவும் பிடித்துக்கொண்டாள். 2022-ல் தங்கையே போனில் வீட்டுக்குச் சொன்ன பிறகு அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் என்னிடம், "புள்ள சாப்பிட்டுச்சாமா?" என்றாள். எங்கள் பக்கத்தில் புள்ள என்றால் ஆணும் உண்டு பெண்ணும் உண்டு. புள்ள வந்துச்சு, புள்ள தூங்குது. சாப்பிட்டானா, சாப்பிட்டாளா என்ற கேள்வியே எழாது. அம்மா எந்த இலக்கணத்தையும் புரட்டாமல் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள். அன்றிலிருந்து புள்ளதான். "அம்மா சொன்னா மட்டும் அந்த 'துச்சு' இனிக்குதுக்கா" என்கிறாள் தங்கை.

அப்பாவின் வழி வேறு. அவர் ஆச்சுக்குப் போய்விட்டார். போய்ச் சேர்ந்தாச்சா? பரீட்சை முடிஞ்சாச்சா? பணம் வந்தாச்சா? தமிழில் இப்படி ஒரு வசதி இருப்பதை அவர் மூலமாகத்தான் கவனித்தேன். யார் செய்தார் என்பதைச் சொல்லாமலே வேலை முடிந்ததா என்று கேட்டுவிடலாம். அன்பு இல்லை என்று சொல்ல மாட்டேன், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தவறாமல் கேட்பார். ஆனால் ஆன் போய்விட்டது, ஆள் வரவில்லை.

அங்கே அவளுக்கும் எல்லாம் சீராக இல்லை. இத்தாலியர்கள் மரியாதைக்கு 'லேய்' என்று அழைப்பார்கள். நேர்ப்பொருள் 'அவள்'. ஆணிடம் பேசினாலும் 'லேய்'தான். போன புதிதில் ஏதோ ஓர் அலுவலக வரிசையில் நின்றபோது கண்ணாடிக்கு அப்புறம் இருந்தவர் 'லேய்' என்று ஆரம்பித்ததும் இவளுக்கு உள்ளே ஜில்லென்றிருக்கிறது. அடுத்த சொல் 'ப்ரோன்தோ?' தயாரா என்று கேட்கிறார். 'லேய்' மரியாதை, ஓ அவர் பார்த்த பாஸ்போர்ட். பெயரடை அங்கேயும் ஆளைத்தான் பார்க்கும், பார்க்கிறவர் கண் வழியாக. இந்த ஈறுகளே வேண்டாம் என்று ஓ, ஆ இருக்கும் இடத்தில் நட்சத்திரக் குறியோ தலைகீழ் 'ஈ' எழுத்தோ போட்டு எழுதுகிறவர்கள் அங்கே உண்டு. 1583-ல் தொடங்கிய மொழிக்கழகமான அக்காதேமியா தெல்லா க்ருஸ்கா 2021-ல் அதெல்லாம் சரிப்படாது என்று சொல்லிவிட்டது. தங்கைக்கும் அதில் ஆர்வமில்லை. "எனக்கு ஸ்டார் வேணாம், ஆ போதும்" என்றாள். வேறு சிலருக்கு அந்த நட்சத்திரம்தான் வேண்டியிருக்கும் என்பதையும் அவளே சொன்னாள்.

போனை எடுத்தால் இத்தாலியர்கள் 'ப்ரோன்தோ' என்பார்கள். ஒருநாள் அவளும் அப்படியே எடுத்தாள். "ப்ரோன்தான்னு சொல்ல மாட்டியா?" என்று ரொம்பத் தெரிந்த மாதிரிக் கேட்டேன். "போன்ல பொம்பளைங்களும் ஓ தான்க்கா. விட்டா நீ நிறுத்தவே மாட்ட."

2023 ஆகஸ்ட் கடைசியில் முதல் முறையாக ஊருக்கு வந்தாள். ஆவணி முகூர்த்தம், ஒட்டன்சத்திரத்தில் பெரியப்பா வீட்டுக் கல்யாணம், அந்த ஒல்லிப் பெரியப்பாதான். மாலை வரவேற்புக்குப் போவதாக ஏற்பாடு. அம்மாவின் பீரோவிலிருந்து ஆளுக்கொரு பட்டுப்புடவை. அவளுக்குக் கொசுவம் நான்தான் வைத்துவிட்டேன், மூன்று முறை அவிழ்த்து. கண்ணாடி முன் நின்று ஒரு படம் எடுத்து எனக்கே வாட்ஸப்பில் அனுப்பினாள், கீழே 'ஸியாமோ ப்ரோன்தே'. நாங்கள் தயார். இத்தாலியனில் நூறு பெண்களுக்கு நடுவே ஓர் ஆண் நின்றாலும் பன்மை ஈறு ஆண்பாலுக்குப் போய் 'ப்ரோன்தி' ஆகிவிடும். ஏ-யில் முடிய வேண்டுமென்றால் அத்தனை பேரும் பெண்களாக இருக்க வேண்டும். மொட்டை மாடிக் காலத்தில் நாங்கள் எழுதியதெல்லாம் 'ப்ரோன்தி'தான்.

அப்பா முன்னறையில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். கொஞ்ச நேரம் வார் பொத்தானையே போட்டுக்கொண்டிருந்தார். "இந்த ஒரு தடவை வேணாம்மா" என்றார், என்னைப் பார்த்து. "கல்யாண வீடு. நாலு பேரு நாலு கேள்வி கேப்பாங்க. அண்ணனுக்குச் சங்கடம்." 'பொவெரா ஃபமீலியா' என்பார்கள் என்ற பயம். நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா ஒன்றும் சொல்லாமல் போய்ப் பூச்சரத்தில் பாதியைக் கிள்ளிக்கொண்டு வந்து அவள் தலையில் வைத்துவிட்டு அப்பாவோடு கிளம்பினாள்.

புடவையை மாற்றவில்லை. அப்படியே ஸ்கூட்டியில் பேகம்பூர் பக்கம் போய்ச் சீரகச் சம்பா பிரியாணி இரண்டு வாங்கி வந்து மொட்டை மாடியில் உட்கார்ந்து தின்றோம். கடைக்காரப் பையன் "அக்கா, தாளிச்சா வேணுமா" என்று அவளைக் கேட்டதை நாலைந்து முறை சொல்லிக்கொண்டிருந்தாள். பழைய நோட்டைக் கீழேயிருந்து எடுத்து வந்தேன். செல்போன் வெளிச்சத்தில் பென்சிலால் ஒவ்வொரு ஓ-வுக்கும் வால் போட ஆரம்பித்தேன். சிவப்பு மையின் மேல் பென்சில் பிடிக்கவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. "விடுக்கா, அசிங்கமாகுது, அப்பிடியே இருக்கட்டும்" என்று பிடுங்கிக்கொண்டாள்.

பத்தரை மணிக்குக் கேட் திறக்கும் சத்தம். அப்பா மாடிப்படியில் பாதி ஏறி நின்றார். கையில் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை இரண்டு.

"ரெண்டு பேரும் சாப்பிட்டாச்சா?"

"அபியாமோ மாஞ்ஜாத்தோ" என்றாள் தங்கை.

"அப்டின்னா?"

"சாப்பிட்டாச்சுப்பா."